கச்சானும் கண் களிம்பும்

வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை ஏறாவூரில் கச்சான் வீசும். இரத்தினபுரியில் குடையில்லாமல் வெளியே இறங்க முடியாத அதே நாட்களில், இங்கே கொடியில் போட்ட சாறன் விறைத்துக் காய்ந்து கிடக்கும். இரண்டு ஊரிலும் வீசுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மத்திய மலைநாட்டில் முட்டி மேலேறுகிறது. ஏறும் காற்று குளிரும். குளிர்ந்தால் நீராவி மழையாகக் கொட்டும். நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், முகில் கட்டிய பிறகு ஒரு கிலோமீற்றர் ஏற்றத்துக்குச் சுமார் 6 பாகை செல்சியஸ்தான் அது குளிர்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது கொட்டுவதற்கு ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க அமுக்கம் கூடி, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். இரத்தினபுரிக்கு மழையைக் கொடுத்துவிட்டு, சூட்டையும் வறட்சியையும் மட்டக்களப்புக்குக் கொண்டுவரும் காற்று இது.

உறுகாமம் குளத்து நீரில் விளைந்த சிறுபோக வெள்ளாமையை வெட்டுவதும் கச்சான் காலத்தில்தான். வெட்டு மெசின் கிளப்பும் சுணைத் தூசி பகலில். புழுக்கம் தாங்காமல் தலைமாட்டில் வைத்த மின்விசிறி இரவில். இதற்கிடையில் கைத்தொலைபேசித் திரை வேறு. “கண்ணுக்குள்ள மண் கிடக்கிற மாதிரி உறுத்துது மகன், ஒரு ஓயின்மென்ட் தாங்க” என்று மருந்துக்கடையில் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. வாங்கிப்போன டியூப் ஆறுதல் தருகிறதா என்பதைப் போட்டுப் பார்த்து நாமே சொல்லிவிடலாம் என்று தோன்றும். அது அவ்வளவு இலேசல்ல. அந்த டியூப் கண்ணுக்குள் போடத் தகுந்ததா என்ற கேள்வியோ நம் கண்ணால் பதில் சொல்லவே முடியாத கேள்வி.

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிப்பு சுமார் 3 மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை முந்நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. எந்நேரமும் ஒரு கண்ணில் இருக்கும் கண்ணீரின் மொத்த அளவு 7 மைக்ரோலீற்றர்தான். மருந்துப் போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டு இதைப்போல் நான்கு முதல் ஏழு மடங்கு. ஆகவே சொட்டு மருந்தில் பெரும்பகுதி கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்குக்குள் இறங்கும்.

அந்தப் படலத்தின் அடியில் சளிப்பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த எண்ணெய்ப் படைதான் நீர் ஆவியாகாமல் காக்கிறது. அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக வாய்திறக்கும் சுரப்பிகள். 1666இல் அவற்றை விரிவாக விவரித்த ஜேர்மன் வைத்தியர் ஹைன்ரிஷ் மெய்போமின் பெயரால் இன்றும் அவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கொஞ்சம் எண்ணெயைப் பிழிந்து கண்மேல் பரப்புகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுகிறது.

எண்ணெய் குறைந்தால் நீர் ஆவியாகும். நீர் ஆவியானால் மிஞ்சுவதில் உப்புச் செறிவு கூடும். அந்த உப்பு விழிவெண்படலத்தின் மேற்கலங்களைச் சினக்கவைக்கிறது, அழற்சியைத் தூண்டுகிறது; அழற்சி மேலும் கண்ணீரைக் கெடுக்கிறது. சினந்த நரம்புகள் மூளைக்குச் சொல்ல, கண்ணீர்ச் சுரப்பி திடீரெனக் கொட்டுகிறது. கண் காய்ந்தவருக்குக் கன்னத்தில் கண்ணீர் வடிவது இதனால்தான். “எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது, நீங்க காய்ஞ்சிருக்கு எண்டுறீங்க” என்று நோயாளி டொக்டரோடு வாதாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி ஓடுவது வெறும் நீர். எண்ணெயும் சளிப்பொருளும் சரியாகச் சேராத நீர் கண்ணில் நிலைக்காது.

ஈரம் காக்கும் கண் களிம்பு என்பது என்ன? பெரும்பாலும் வெள்ளைப் பெற்றோலியம் ஜெலியும் கனிம எண்ணெயும். பல காலமாக விற்கும் ஒரு வகையில் முதலாவது 57.3 சதவீதம், இரண்டாவது 42.5 சதவீதம். வேறொன்றில் ஜெலி 94 சதவீதம், எண்ணெய் 3 சதவீதம். அமெரிக்கரான ரொபேர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்ற வஸ்லினும் இந்தப் பெற்றோலியம் ஜெலிதான். (அதற்காக முகத்துக்குப் பூசும் போத்தலிலிருந்து தோண்டிக் கண்ணில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.) ஜெலி தனியாக இளகக் குறைந்தது 38 பாகை வேண்டும், கண்ணின் மேற்பரப்போ 34 பாகையளவில் இருக்கிறது. கனிம எண்ணெயைக் கலந்தால் அந்தச் சூட்டிலேயே அது வழுக்கிப் பரவும். ஜெலி கூடிய களிம்பு கண்ணில் அதிக நேரம் நிற்கும், பார்வையையும் அதிகம் மங்கவைக்கும். இரவில் போடச் சொல்வது இந்த மங்கலுக்காகத்தான். தூக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பு குறைவு; இமை முழுதாக மூடாத சிலருக்கு மின்விசிறிக் காற்று நேரே படுகிறது; அந்த நேரத்தில் மணிக்கணக்காக நிற்கும் எண்ணெய்ப் பூச்சுக்கு நல்ல வேலை இருக்கிறது.

இதில் மருந்து என்று எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1988இல் வெளியான விதித்தொகுப்பு ஒன்று, கண்ணுக்கு ஈரமும் வழுக்கும் தரும் பொருட்களைப் பட்டியலிட்டு, எது எவ்வளவு சேரலாம் என்று வரையறுத்துவிட்டது. பட்டியலில் உள்ளதைக் கொண்டு தயாரிப்பவர் தன் டியூபைத் தனியாக மனிதரில் சோதித்துக் காட்டத் தேவையில்லை. கடைத்தட்டில் இருக்கும் களிம்புகளில் பலவும் இப்படி, பெயர் சொல்லி ஒரு நோயாளியிடமும் சோதிக்கப்படாமல் வந்தவையாகவே இருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வஸ்லின் வழுக்கும் என்று நிரூபிக்க ஆயிரம் பேரைத் திரட்டுவது வீண் செலவு.

சோதிக்க விரும்பினால் அளவுகோல்கள் உண்டு. மிகப் பழையது ஜேர்மன் கண் வைத்தியர் ஒட்டோ ஷிர்மர் 1903இல் விவரித்தது: 5 மில்லிமீற்றர் அகல வடிதாள் கீற்றைக் கீழிமையில் கொளுவி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பது. 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் பரவாயில்லை; 5க்குக் கீழென்றால் கண்ணீர் குறைவு. மற்றது புளோரசீன் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில், இமைக்காமல் இருக்கச் சொல்லிப் பார்ப்பது. பச்சையாக மின்னும் படலத்தில் முதல் கறுப்புப் பொட்டு எத்தனை விநாடியில் தோன்றுகிறது என்று எண்ணுவார்கள். பத்து விநாடிக்குள் உடைந்தால் சந்தேகம். இவற்றோடு, 12 கேள்விகள் கேட்டு 0 முதல் 100 வரை புள்ளி போடும் வினாக்கொத்தும் இருக்கிறது: வெளிச்சம் கூசுகிறதா, வாசிக்கும்போது தொல்லையா, காற்றடிக்கும் இடத்தில் எப்படி என்று கேட்கும். காற்றைப் பற்றிய கேள்விக்கு ஆடி மாதத்தில் ஏறாவூரில் கிடைக்கும் பதிலைக் கேட்க எனக்கு ஆசை.

சிக்கல் என்னவென்றால் இந்த அளவுகோல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தாள் நன்றாக நனைந்தவர் தாங்க முடியாத எரிவு என்பார். சாயம் போட்டால் விழிவெண்படலமெல்லாம் பச்சைப் புள்ளியாகத் தெரியும் இன்னொருவர் ஒரு தொல்லையுமில்லை என்பார். சீனி வருத்தம் நெடுநாள் இருந்தவர்களுக்கு விழிவெண்படலத்தின் உணர்வே மழுங்கியிருக்கும். அவர்களுடைய கண் முறையிடாமலே காய்ந்து புண்ணாகலாம். களிம்பு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். எண்ணெய் படிந்த வடிதாள் நீரை உறிஞ்சத் தயங்கும். சாயம் எண்ணெய்க்கு மேல் திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே களிம்பைப் பொறுத்தவரை கடைசியில் நோயாளியின் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வாய்ச்சொல்லை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். களிம்பைப் பற்றியதல்ல, காய்ந்த கண்ணுக்கு மீன் எண்ணெய்க் குளிசை உதவுமா என்பதைப் பற்றியது. அமெரிக்காவில் 27 நிலையங்களில் 535 பேர், ஓராண்டு. ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3 கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் குளிசைக்குள் ஒலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. வினாக்கொத்தின் புள்ளி மீன் எண்ணெய் குடித்தவர்களுக்கு 13.9 இறங்கியது. நல்ல முன்னேற்றம். ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களுக்கு 12.5 இறங்கியது! இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் மீன் எண்ணெய்க்கு இன்று எவ்வளவு விளம்பரம் நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஒலிவ் எண்ணெய்க்கே குணம் இருந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு எளிய விளக்கம் போதும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியரிடம் போகிறார், ஆய்வில் சேருகிறார், டியூப் வாங்குகிறார். உச்சத்திலிருந்து போகும் வழி பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். ஏறாவூரில் இதை விளக்கப் புள்ளிவிவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. ஆவணியில் கச்சான் உரக்க வீசும்போது ஒருவர் களிம்பு வாங்குகிறார். இரவு தவறாமல் போடுகிறார். ஐப்பசி பிறக்கக் கண் குளிர்ந்துவிடுகிறது. களிம்பைப் புகழ்கிறார். காற்று மாறியதையும், மழை தொடங்கியதையும், வெட்டு மெசின் வயலை விட்டுப் போனதையும் யாரும் புகழ்வதில்லை.

அதோடு, கண் மருந்துக்குப் போலி மருந்து செய்வதே கடினம். குளிசையென்றால் மாப்பொருளை அடைத்துவிடலாம். கண்ணில் விடும் எந்தத் திரவமும் கண்ணை நனைக்கும். கண் நனைந்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கத்தான் செய்யும். களிம்பில் இது இன்னும் மோசம்: போட்டவுடனே பார்வை மங்குவதால், உண்மைக் களிம்பு தனக்குக் கிடைத்ததா இல்லையா என்பதை நோயாளி அந்த நிமிடமே அறிந்துகொள்வார்.

ஆனால் நமக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே தூசி, ஒரே தூக்கம். ஒரு வாரம் வலக்கண்ணுக்கு மட்டும் போடுங்கள், இடக்கண்ணை விட்டுவிடுங்கள். காலையில் முகம் கழுவுமுன், எந்தக் கண் இலேசாக இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். களிம்பால் எந்தப் பயனும் இல்லையென்றால் ஏழு காலையும் வலக்கண்ணே வெல்வதற்கான வாய்ப்பு 128இல் ஒன்று. அடுத்த வாரம் கண்ணை மாற்ற வேண்டும். ஏனென்றால் மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறீர்கள் என்பவையும் ஒரு கண்ணுக்குச் சார்பாக நிற்கலாம். நம்பிக்கை தரும் மாயத்தை இது முழுதாக ஒழிக்காது. பருவம் மாறுவதால் வரும் மாயத்தை ஒழித்துவிடும். வெறும் ஈரக்களிம்புக்கும், வேறு கண் நோய் இல்லாதவருக்கும் மட்டுமே இந்தச் சோதனை.

அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. “கண் ஓயின்மென்ட்” என்று பொதுவாகக் கேட்டால் குளோரம்பெனிக்கோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும் வரலாம், ஸ்டெரோயிட் கலந்ததும் வரலாம். ஸ்டெரோயிட் கொடுக்கும் ஆறுதலை வஸ்லினால் கொடுக்க முடியாது. சிவப்பும் எரிவும் விரைவாக அடங்கும். கேட்பாரில்லாமல் தொடர்ந்து போட்டால் கண்ணின் உள்ளமுக்கம் ஏறி, பார்வை நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். ஆறுதலை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு அதற்குத்தான் போகும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று தலைமுறைகளாக இடப்படும் சுறுமாவுக்கும் இதே கதை: கடைகளில் கிடைப்பவற்றில் பல ஈய சல்பைட்டை அரைத்தவை என்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. ஈயம் குழந்தையின் மூளைக்கு எதிரி. ஆனால் கண்ணில் இட்டவுடன் குளிர்ச்சி இருப்பது உண்மைதான்.

இனி, கண்ணால் சோதிக்க முடியாத விஷயம்.

2022 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் ஆங்காங்கே சிலருக்குக் கண்ணிலும் வேறு உறுப்புகளிலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பற்றீரியாவின் தொற்று வந்தது. வழக்கமான மருந்துகள் எதற்கும் அடங்காத ஒரு வகை. அந்த நாட்டில் முன்பு காணப்படாதது. நோயாளிகளுக்குள் தொடர்பு தேடியபோது, பலரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுப் பாவித்திருந்தார்கள். அதிகம் சொல்லப்பட்ட பெயர் எஸ்ரிகேர். அது தயாரானது சென்னைக்குத் தெற்கே, ஆலத்தூர் சிட்கோ மருந்து வளாகத்திலுள்ள குளோபல் ஃபார்மா நிறுவனத்தில். 2023 மே மாதக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று; 4 பேர் இறந்தார்கள்; 14 பேர் பார்வை இழந்தார்கள்; 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டி வந்தது. காய்ந்த கண்ணுக்கு ஆறுதல் தேடியவர்கள் இவர்களில் பலர்.

2023 பெப்ரவரி 2ஆம் திகதி சொட்டு மருந்து மீளப்பெறப்பட்டது. அதே மாதம் 24ஆம் திகதி அதே நிறுவனம் தயாரித்த, டெல்சாம் ஃபார்மா பெயரில் விற்ற ஈரக் கண் களிம்பும் மீளப்பெறப்பட்டது. களிம்பால் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்ததாக அப்போது முறைப்பாடு இல்லை. கிருமி கலந்திருக்கலாம் என்பதே காரணம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திறக்காத போத்தல்களைச் சோதித்து, பற்றீரியா இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தான் எடுத்த மாதிரிகளைச் சோதித்து, கலப்படம் எதுவும் இல்லை என்றது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் செய்தி வாசித்த பலரும் நினைத்திருப்பார்கள். ஒருவரும் பொய் சொல்லாமலே இரண்டும் உண்மையாக இருக்க முடியும். அதற்குக் கிருமியின்மைச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

களிம்பை முதலில் ஐசோபுறொப்பைல் மைரிஸ்டேற் என்ற திரவத்தில் கரைப்பார்கள். 0.45 மைக்ரோமீற்றர் துளை கொண்ட வடியினூடாக அதைச் செலுத்தினால் பற்றீரியா வடியில் சிக்கும். வடியைக் கழுவி இரண்டாக வெட்டி, ஒரு பாதியை 30 முதல் 35 பாகையில் ஒரு வளர்ப்பூடகத்திலும், மறுபாதியை 20 முதல் 25 பாகையில் இன்னொன்றிலும் 14 நாட்கள் வைப்பார்கள். கலங்கினால் தோல்வி, தெளிவாக இருந்தால் தேர்ச்சி. இப்படிச் சோதித்த டியூபை விற்க முடியாது; எனவே எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஒரு தொகுதியில் இருநூறுக்கு மேல் எத்தனை ஆயிரம் கண் மருந்து டியூப் இருந்தாலும், அமெரிக்க மருந்துத் தரநூல் எடுக்கச் சொல்வது பத்து.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒரே கொதியில் ஒரே மாதிரி வேகும் சோற்றுக்கு அது சரி. கிருமி அப்படிப் பரவுவதில்லை. ஒரு டியூபில் இருக்கும், அடுத்த தொண்ணூற்றொன்பதில் இருக்காது. நூறில் ஒரு டியூப் கெட்டிருக்கும் தொகுதியிலிருந்து பத்தை எடுத்தால், அந்தப் பத்தும் நல்லதாக அமையும் வாய்ப்பு 90 சதவீதம். பத்தில் ஒன்றே கெட்டிருந்தால்கூட மூன்றில் ஒரு தடவை அந்தத் தொகுதி தேர்ச்சி பெற்றுக் கடைக்கு வந்துவிடும். சோதனையில் தேறியது என்ற தாளுக்கு இவ்வளவுதான் பெறுமதி. கிருமியைக் கண்டோம் என்ற முடிவை நம்பலாம். காணவில்லை என்பது அந்தப் பத்து டியூபுக்கு மட்டுமே பொருந்தும்.

உலோகத் துகளுக்கு வேறொரு சோதனை உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. டியூபை நெரித்து மூடும் இயந்திரத்திலிருந்தும் டியூபின் உலோகத்திலிருந்தும் சிராய் விழக்கூடும். பத்து டியூபின் களிம்பைத் தனித்தனித் தட்டில் இட்டு, 85 பாகையில் இரண்டு மணித்தியாலம் உருக்கி, ஆறவைத்து, தட்டின் அடியை முப்பது மடங்கு பெருக்கி எண்ணுவார்கள். 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலுமுள்ள துகள்கள் பத்து டியூபிலும் சேர்த்து ஐம்பதைத் தாண்டக்கூடாது. எட்டுக்கு மேல் துகள் உள்ள டியூப் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. முகத்துக்குப் பூசும் வஸ்லினை இப்படி எவரும் எண்ணுவதில்லை. அது கிருமி நீக்கியும் வருவதில்லை. மேலே அடைப்புக்குறிக்குள் சொன்ன எச்சரிக்கைக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் களிம்பின் தூய்மையை எது உறுதிசெய்கிறது? தயாரிக்கும் முறை. எண்ணெய்க்குள் நீராவி நுழையாது. ஆகவே அமுக்கக் கொதிகலத்தில் வைத்துப் பயனில்லை. ஜெலியை 160 பாகையளவில் உலர்ந்த வெப்பத்தில் மணிக்கணக்காக வைக்க வேண்டும், அல்லது உருக்கி நுண்வடியால் வடிக்க வேண்டும். அதன்பின் கிருமியற்ற அறையில், கிருமியற்ற டியூபுக்குள் நிரப்ப வேண்டும். அந்த நிரப்பும் வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, களிம்புக்குப் பதில் பற்றீரியா விரும்பி வளரும் ஊடகத்தை ஆயிரக்கணக்கான கலங்களில் நிரப்பி 14 நாட்கள் காத்திருப்பார்கள். ஒன்றில்கூட எதுவும் முளைக்கக்கூடாது என்பதே இலக்கு. தொகுதியிலிருந்து பத்து டியூபைப் பொறுக்குவதைவிடப் பல மடங்கு கடுமையான சோதனை இது. ஆனால் இதைத் தொழிற்சாலைக்குள் போய்த்தான் பார்க்க முடியும்.

ஆலத்தூருக்கு அமெரிக்கப் பரிசோதகர்கள் 2023 பெப்ரவரி 20இல் போனார்கள். மார்ச் 2 வரை இருந்து 11 குறைகளை எழுதினார்கள். 2020 டிசம்பருக்கும் 2022 ஏப்ரலுக்கும் இடையில் அமெரிக்காவுக்கு அனுப்பிய தொகுதிகள், கிருமியின்மைக்கு உத்தரவாதமில்லாத முறையில் தயாரானவை என்பது அவற்றில் ஒன்று. கண்ணுக்கு நல்லது என்று சொட்டு மருந்தில் பாதுகாப்பு இரசாயனத்தை நிறுவனத்தார் தவிர்த்திருந்தார்கள். அந்த எண்ணம் தப்பல்ல. வழக்கமாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் காய்ந்த கண்ணை மேலும் புண்ணாக்கக்கூடியது. ஆனால் அப்படித் தவிர்த்த நீர் மருந்தை, பல நாள் திறந்து மூடும் போத்தலில் அடைத்தார்கள். நீரிருந்தால் பற்றீரியா பெருகும். நீரில்லாத களிம்பில் அது பெருகாது. ஆனால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். காத்திருந்து, கண்ணீரில் சேர்ந்தவுடன் எழும்பும்.

ஆலத்தூர் தனிக்கதை அல்ல. அதே ஆண்டின் பிற்பகுதியில் மும்பைக்கு அருகிலுள்ள கிலிச் ஹெல்த்கேர் தொழிற்சாலையில் வெறுங்காலுடன் வேலை செய்தவர்களைப் பரிசோதகர்கள் கண்டார்கள். அங்கு தயாரான பல சொட்டு மருந்துகள் மீளப்பெறப்பட்டன. 2024 பெப்ரவரியில் தானேயிலுள்ள பிராசிக்கா ஃபார்மா தயாரித்து, வால்மார்ட்டும் சிவிஎஸ்ஸும் தங்கள் பெயர் போட்டு விற்ற ஈரக் கண் களிம்புகள் திரும்பின. கிருமியின்மைக்கு உத்தரவாதம் போதாது என்பதே அங்கும் காரணம். இலங்கையிலும் 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கள் சிலர், குஜராத்தில் தயாரான பிரெட்னிசொலோன் சொட்டு விட்ட பிறகு பார்வை இழந்தார்கள். அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது.

மருந்தின் விலையைக் கேட்டு வாங்குவதுபோல், அது எங்கே தயாரானது, அந்த இடத்தை யார் போய்ப் பார்த்தார் என்று கேட்கும் பழக்கம் நம்மிடமில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் வேலையில், மாதிரியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது சிறிய பங்குதான். இறக்குமதிக்கு அனுமதி கொடுக்குமுன் தொழிற்சாலைத் தரையில் கால் வைத்துப் பார்ப்பதே பெரிய பங்காக இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எவரும் வாசிக்கும்படி வைக்க வேண்டும். பத்து டியூபின் தாளைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்தக் கூடாது.

உங்களுக்குச் சில வார்த்தை. கச்சானில் கண் உறுத்தினால் முதலில் மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இமையை மிதமான சூட்டுத் துணியால் ஒற்றினால் அடைத்த எண்ணெய்ச் சுரப்பி இளகும். களிம்பு வேண்டுமென்றால், ஈரம் காக்கும் களிம்பு என்று விளக்கிக் கேளுங்கள். கீழிமையை இழுத்து, கால் அங்குல நீளத்துக்கு இட்டால் போதும். டியூப் நுனி இமையில் படக்கூடாது. ஒருவரின் டியூபை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். திறந்த திகதியை அதன்மேல் எழுதி, நான்கு வாரத்தில் எறிந்துவிடுங்கள். குழந்தையின் வெண்விழி காய்ந்து பளபளப்பு இழந்தாலோ, பொழுதுபட்டால் பிள்ளை தடுமாறினாலோ களிம்பைத் தேடாதீர்கள். அது விற்றமின் ஏ குறைபாடாக இருக்கலாம், அங்கே ஆபத்து கண்ணோடு நிற்பதில்லை. திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறுவரிடம் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு விற்றமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது.

கண் நொந்தால், வெளிச்சம் தாங்காமல் கூசினால், பூளை கட்டினால், பார்வை குறைந்தால் அன்றே ஏறாவூர் ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். பாவித்த டியூபை எறிந்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள். தொகுதி இலக்கம் அதில்தான் அச்சிட்டிருக்கும். அதே தொகுதி வேறு யார் கையில் இருக்கிறது என்று தேட அது ஒன்றுதான் வழி.